மனைவி ஏன் உள்ளறையில் இருக்கிறார்?

கேள்வி: டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன், இங்கு வந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. நிறுவனத்தின் செலவில் ஓர் ஆசிரியை செவ்வாய்க்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வந்து, என் வேலைக்கு ஏற்றபடி அமைத்த பாடங்களில் டேனிஷ் கற்றுத் தருகிறார். ஓராண்டு கழிந்தும், மின்னஞ்சலைப் படிக்க முடிகிறதே தவிர, எதிரில் ஒருவர் பேசினால் பிடிபடுவதில்லை. வகுப்பை வீட்டிலேயே தொடர்வதா, அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்வதா? வீட்டில் இடைஞ்சல் ஏதுமில்லை. ஆசிரியை வந்ததும் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு, எங்கள் 4 வயது மகளை அழைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுவதால், மகளை மழலையர் பள்ளியில் விடுவதும் கூட்டிவருவதும் அவர்தான்.

பதில்: உங்கள் வகுப்பை அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டதற்கு விடை அவ்வளவுதான். வேலைக்கான மொழியை வேலை நடக்கும் இடத்திலேயே கற்றால், பாடம் முடிந்த கையோடு மதிய உணவு மேசையில் அதைப் பேசிப் பார்க்கலாம். நீங்கள் தடுமாறிய மறுகணமே உடன் பணிபுரிபவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். டேனிஷிலேயே பேசும்படி அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காதில் பிடிபடாததற்கு உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம். எழுத்தில் இருப்பதில் பாதியைப் பேச்சில் விழுங்கிவிடுவதும், சில சொற்களில் தொண்டைக்குள் குரலை ஒரு கணம் நிறுத்தி எழுப்புவதும் அம்மொழியின் இயல்பு. ஆகவே ஆசிரியை உடனிருக்கும் நேரத்தைக் கேட்பதற்கும் பேசுவதற்கும் மட்டும் வைத்துக்கொண்டு, இலக்கணப் பயிற்சிகளை அவர் இல்லாதபோது செய்யுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையோடு எழுதிய வரிக்கு வருகிறேன். இடைஞ்சல் ஏதுமில்லை என்கிறீர்கள். ஓராண்டாக, செவ்வாய்க்கிழமைதோறும், டேனிஷ் கற்றுத் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்த வீட்டில் டேனிஷ் மிகுதியாகத் தேவைப்படுபவர் அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒருமுறையாவது பாடத்தில் உட்காரச் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதாகவும் இல்லை.

தேவை யாருக்கு அதிகம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள், தம்பி. உங்கள் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, உங்கள் மேலாளர் ஆங்கிலத்தில் எழுதுகிறார், டேனிஷ் ஒரு சொல்கூடத் தெரியாவிட்டாலும் மாதச் சம்பளம் வந்துவிடும். மழலையர் பள்ளியின் வாசலில் தினமும் இரு வேளை நிற்பவர் உங்கள் மனைவி. மகள் யாரோடு சண்டை போட்டாள், மதியம் ஏன் சாப்பிடவில்லை என்று அங்குள்ளவர்கள் போகிற போக்கில் சொல்வது அவரிடம்தான். அவருக்கும் ஆங்கிலம் தெரியுமே என்பீர்கள். பெரியவர்களிடம் அதைக் கொண்டு சமாளிக்கலாம். மகளின் 4 வயதுத் தோழிகள் ஆங்கிலம் பேசுவதில்லை. பள்ளி அனுப்பும் தகவல்களெல்லாம் 'அவுலா' செயலியில் டேனிஷில் வருகின்றன. அவற்றைப் படித்துச் சுருக்கம் சொல்பவர் நீங்கள் என்றால், எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பவரும் நீங்களே. இன்னும் இரண்டே ஆண்டுகளில் உங்கள் மகள் பள்ளிக்கூடத்தின் முதல் படியான 0-ஆம் வகுப்பில் சேர்வாள். அப்போது ஆசிரியரும் பெற்றோரும் அமர்ந்து பேசும் சந்திப்பில் தாய் புன்னகைத்துத் தலையாட்டிக்கொண்டிருக்க, தந்தை மட்டும் பேசிக்கொண்டிருப்பதைக் குழந்தை பார்க்கும். தாயிடம் கேட்டுப் பயனில்லை என்று ஒரு குழந்தை முடிவு செய்ய அதிக நாள் ஆகாது. வீட்டில் தமிழே பேசுங்கள், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வெளியுலகத்தின் மொழி தந்தைக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றாக இருக்கக் கூடாது.

அவருக்கே ஆர்வமில்லை என்று பலர் எனக்கு எழுதுவதுண்டு. நீங்களும் அதை எழுதி அனுப்ப வேண்டாம். வேறொரு நாட்டுக்கு உங்கள் வேலைக்காக வந்தவர் அவர். அங்கே அவர் தம் காலில் நிற்க வழி செய்வது நீங்கள் காட்டும் பெருந்தன்மை அன்று, உங்கள் கடமை. அதைச் சட்டமும் ஒரு விதத்தில் நினைவூட்டுகிறது: நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, 'பி.டி. 2' என்று எல்லோரும் சொல்லும் டேனிஷ் மொழித் தேர்விலோ அதற்கு இணையான ஒன்றிலோ அவரவரே தேறியிருக்க வேண்டும். குடியுரிமைக்குப் பொதுவாக அதற்கும் மேலான 'பி.டி. 3' தேவை. உங்கள் சான்றிதழைக் காட்டி அவருக்கு உரிமை கேட்க முடியாது. தனி ஆசிரியையிடம் படித்தோம் என்பதும் சான்றாகாது. மே-ஜூனிலும் நவம்பர்-டிசம்பரிலும் நடக்கும் தேர்வுக்குப் பெயர் பதிந்து எழுதியாக வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அவரிடம் கேளுங்கள். இதே ஆசிரியையிடம் வீட்டில் கற்க விரும்பலாம். அல்லது நாலு பேர் இருக்கும் வகுப்பே போதும் என்று நினைக்கலாம். பலருக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது, ஏனெனில் அங்கே மொழியோடு தோழிகளும் கிடைக்கிறார்கள். அப்படியானால் நகராட்சி வழியே மொழிப் பள்ளியில் சேர்க்கலாம். உங்கள் குடும்பத்தைப் போல வேலைக்காக வந்தவர்களிடம் அங்கே ஒரு காப்புத்தொகை வாங்குவார்கள், பாடப்பகுதியை முடித்தால் அதைத் திரும்பப் பெறலாம். அவர் வகுப்பில் இருக்கும் மாலைகளில் மகளைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. மீட்டிங் இருந்தது என்று அந்த நாளில் தாமதமாக வந்து நிற்காதீர்கள்.

வீட்டிலேயே கற்கிறேன் என்றால், செவ்வாய் மாலை இனி அவருடையது. நிறுவனம் உங்களுக்காகக் கொடுக்கும் பணத்தில் அதைச் சேர்க்காமல், உங்கள் கையிலிருந்து கட்டணம் கொடுங்கள். அவருக்குத் தேவையான உரையாடல்களை அவரே ஆசிரியையிடம் சொல்லட்டும்: மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குத் தொலைபேசியில் தெரிவிப்பது, மருத்துவரிடம் நேரம் கேட்பது, இன்னொரு குழந்தையின் தாயிடம் சனிக்கிழமை விளையாட வரலாமா என்று விசாரிப்பது. இவற்றைத் தாளைப் பார்க்காமல் பேசிப் பழகும்வரை புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை என்று ஆசிரியையிடம் சொல்லிவிடுங்கள்.