அசல் உத்தர்: வீரமா, தண்ணீரா?

அன்புள்ள ஐயா,

1965 போரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை இந்திய வீரர் அப்துல் ஹமீதின் வீரம் வென்றது என்று பள்ளியில் படித்தோம். வயலில் திறந்துவிட்ட தண்ணீர்தான் வென்றது என்கிறார் என் மாமா. எது சரி?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

தண்ணீரைப் பற்றி உங்கள் மாமா சொல்வது உண்மைதான். ஆனால் அது தானாக அங்கே வந்து நிற்கவில்லை. பஞ்சாப் எல்லையில் தாக்குப்பிடிக்க முடியாமல் பின்வாங்கிய நமது 4ஆம் மலைப் படைப்பிரிவை, அதன் தளபதி குர்பக்ஷ் சிங், எல்லை ஊரான கேம்கரணிலிருந்து பிக்கிவிண்ட் செல்லும் சாலையில் உள்ள அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் நிறுத்தினார். பியாஸ் பாலத்தைப் பிடித்து அமிர்தசரஸைத் துண்டிக்க வந்த பாகிஸ்தானின் முதல் கவசப் படைப்பிரிவு, செப்டம்பர் 8 முதல் 10 வரை அந்த லாடத்துக்குள்தான் திரும்பத் திரும்ப நுழைந்தது. வாய்க்கால்களை உடைத்து வயல்களை நனைத்து, டாங்கிகளைச் சேற்றில் சிக்கவைத்ததும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதியே.

செப்டம்பரில் அங்கே கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதற்குள் புகுந்த டாங்கியின் தளபதிக்கு வழி தெரிய வேண்டுமானால், மேல்மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்ட வேண்டும். நீட்டினால் துப்பாக்கிக் குண்டு வரும். காற்றில்லாத நேரத்தில் கரும்புத் தோகை அசைந்தாலே, மறைந்திருப்பவனுக்கு டாங்கி வரும் இடம் தெரிந்துவிடும். இலக்கின் தூரத்தை அளக்கும் பாட்டனின் தூரமானியோ நீண்ட பயிற்சி இல்லாதவர் கையில் பயன்படாத கருவி; பாட்டன்களை எதிர்கொண்ட நமது டெக்கான் ஹார்ஸ் படையணியின் பழைய ஷெர்மன் டாங்கிகளும் 3ஆம் கேவல்ரி படையணியின் செஞ்சூரியன் டாங்கிகளும் பதுங்கியிருந்து, கிட்ட வரவிட்டுச் சுட்டன.

ஹமீதின் வீரத்தை நான் குறைக்கவில்லை. ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பற்ற பீரங்கி, சுட்டவுடன் பின்பக்கம் புழுதியைக் கிளப்பித் தன் இடத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் இடம் மாற வேண்டும். அதைச் செய்துகொண்டே அவர் செப்டம்பர் 10 அன்று உயிரிழந்தார்.

பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97 என்பது இந்தியக் கணக்கு. பாடநூல் பொதுவாகச் சொல்லாதது ஒன்றுண்டு: பாகிஸ்தான் பிடித்திருந்த கேம்கரண் ஊரை அந்த வெற்றிக்குப் பிறகும் நம்மால் மீட்க முடியவில்லை. போருக்குப் பின் இரு நாடுகளும் செய்துகொண்ட தாஷ்கண்ட் உடன்பாட்டை ஒட்டி 1966இல்தான் அது திரும்பக் கிடைத்தது.