சணல் நார் எப்பாக்சி பலகை தண்ணீரில் ஊறினால் வலு போய்விடுமா? காய வைத்தால் திரும்புமா?

போகும். காய வைத்தால் கொஞ்சம் திரும்பும், முழுசாகத் திரும்பாது. நீங்கள் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். இதே விஷயத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க அல்லாடியவன் நான்.

எங்கள் பலகையைச் சணல் நாரில் கையாலேயே எப்பாக்சிப் பிசின் பூசி அடுக்கி, துண்டு போட்டு, அப்படியே தண்ணீரில் முக்கினோம். மறுநாள் எடுத்தபோது துண்டுகள் தடித்திருந்தன. வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினால் மழிக்காத தாடி மாதிரி நார் முனைகள் குத்தின. வளைத்துப் பார்த்தோம். காய்ந்த துண்டு டப்பென்று உடைந்தது. ஊறியது சத்தமே இல்லாமல் வளைந்துகொடுத்து, கடைசியில் நார் நாராக உருவிக்கொண்டு வந்தது. உருவிய நாரில் பொட்டுப் பிசின்கூட ஒட்டியிருக்கவில்லை.

விஷயமே அங்கேதான். நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸில் உள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நார் உப்பிப் பிசினை நெட்டும், காயும்போது சுருங்கி இடைவெளி விடும். ஈரம் போனதும் விறைப்பு ஓரளவு மீளும், விட்டுப்போன ஒட்டு மீளாது.

தப்பு எங்கள் மேலும் உண்டு. சணல் வியாபாரத்தில் எடைக் கணக்குக்கே 13.75 சதவீத ஈரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த நாரைச் சூட்டடுப்பில் (oven) உலர்த்தாமலே அடுக்கினோம். வெட்டிய விளிம்புகளில் எப்பாக்சி தடவி அடைக்கவும் இல்லை. தண்ணீர் நார் வழியே உள்ளே ஏறிவிட்டது. காஸ்டிக் சோடாவில் நாரைக் கழுவியிருந்தால் பிசின் இன்னும் நன்றாகப் பிடித்திருக்கும். அதற்காக நாள் முழுக்க ஊறப்போட்டால் நாரே நைந்துவிடலாம்.

“ஈரத்தில் மோதல் வலிமை, அதாவது திடீர் அடியைத் தாங்கும் திறன், கூடுமே” என்று யாராவது கிளம்புவார்கள். சில சமயம் கூடும், தண்ணீர் பலகையை இளக்குவதால். இல்லை என்று நான் சொல்லவே இல்லை. “கண்ணாடி நாரே போதுமே” என்பவர்களுக்கு: கேள்வி அதைப் பற்றியது இல்லை.

பிளாஸ்டிக் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்கும் ஏஎஸ்டிஎம் டி570 சோதனை முறையில் 24 மணி நேர எடையோடு நிறுத்திவிடாதீர்கள். எடை ஏறுவது நிற்கும்வரை தொடருங்கள். ஒவ்வொரு முறையும் மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு நிறுங்கள்.

அப்புறம், எங்கள் வழிகாட்டி “கிராஃப் அழகாக இல்லை” என்று ஊறிய துண்டுகளின் முடிவுகளை நீக்கச் சொன்னார். நீக்கினோம். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: “தண்ணீர் பட்டால் என்ன ஆகும்?” வழிகாட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.