குதிகால் வலியும் ஒரு சைஸ் பெரிய ஷூவும்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, உயர்நிலை 1 படிக்கிறான். பள்ளியில் பூப்பந்து இணைப்பாட நடவடிக்கை. வார இறுதியில் புளோக்குக்குக் கீழே உள்ள சிமெண்ட் திடலில் காற்பந்து. இரண்டு மாதமாக இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்கிறான். பயிற்சி முடிந்தால் நொண்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வருகிறான். கால் வேகமாக வளர்கிறதே என்று ஒரு சைஸ் பெரிதாக ஓட்டக் காலணி வாங்கிக் கொடுத்தேன். எல்லா விளையாட்டுக்கும் அதையேதான் போடுகிறான். 180 வெள்ளி ஷூ வாங்கினால் வலி போய்விடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா, டாக்டர்?
— ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: ஷூ இருக்கட்டும், முதலில் குதிகாலைப் பார்த்துவிடுவோம். இன்று இரவு மகனை உட்கார வைத்து, குதிகாலின் பின்பகுதியை இரண்டு பக்கமும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெல்ல அழுத்துங்கள். "அங்கேதாம்மா!" என்று காலை இழுத்துக்கொண்டால், அது பெரும்பாலும் செவர்ஸ் என்று நாங்கள் சொல்லும் வலிதான். சுமார் 8 முதல் 14 வயது வரை, அதிலும் விளையாடுகிற பிள்ளைகளுக்கு, இது மிகச் சாதாரணமாக வரும். அந்த வயதில் குதிகால் எலும்பின் பின்னால் இருக்கும் வளர்ச்சித் தட்டு இன்னும் முற்றாத குருத்தெலும்பு. எலும்பு வேகமாக நீளும். கெண்டைக்கால் தசை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் இறுகும். பிள்ளை ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்தத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிகால் நாண் அந்த மென்மையான இடத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. வளர்ச்சித் தட்டு எலும்போடு இணைந்ததும் வலி தானாகப் போய்விடும், நிரந்தரக் கெடுதல் எதுவும் வைக்காது. அதற்காக அதுவரை அவன் நொண்ட வேண்டும் என்பதில்லை.

இனி ஷூவுக்கு வருவோம். அடுத்த வருஷமும் போடட்டுமே என்று பெரிதாக வாங்காத பெற்றோர் குறைவு. ஆனால் விளையாட்டுக் காலணியில் மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம். இதே வலியோடு வந்த ஒரு பையனின் ஷூவிலிருந்து உள்ளட்டையை உருவிப் பார்த்தேன். ஐந்து விரல் தடமும் முனையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பதிந்திருந்தது. குதிகால் படும் இடத்தில் துணி கிழிந்து உள்ளே பஞ்சு தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் பாதம் உள்ளே வழுக்கியிருக்கிறது. அவன் விரல்களை மடக்கி ஷூவைப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறான். கெண்டைக்கால் இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைய காலுக்கு வாங்குங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பாருங்கள்.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். விளையாடும்போது போடுகிற காலுறையையே போட்டு வரச் சொல்லுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதில்லை, பெரிய காலுக்கே ஷூ பாருங்கள். நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். பிறகு ஷூவைக் கையில் எடுங்கள். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை அழுத்தினால் எளிதில் அமுங்கக் கூடாது. விரல்கள் மடங்கும் இடத்தில்தான் ஷூ வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்க முடிந்தாலும் வேண்டாம். கடைசியாக, கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடவிடுங்கள். குதிகால் நழுவக் கூடாது, எங்கும் கடிக்கவும் கூடாது. 'போடப் போடப் பழகிவிடும்' என்றால் நம்பாதீர்கள்.

ஒரே ஷூ எல்லா ஆட்டத்துக்கும் ஆகாது. ஓட்டக் காலணி நேராக முன்னே போவதற்காகச் செய்தது, அதன் அடிப்பாகம் தடிமனாகவும் மெத்தென்றும் இருக்கும். பூப்பந்தில் சடாரெனப் பக்கவாட்டில் பாயும்போது அந்த உயரத்திலேயே கணுக்கால் பிறழும். பூப்பந்துக் காலணி தாழ்ந்து, தரையைப் பிடிக்கும் ரப்பர் அடியோடு இருக்கும். இப்போதைக்கு முதலில் வாங்க வேண்டியது அதுதான். அதில் குதிகாலுக்கு மெத்தை குறைவு என்பதால், வலி தணியும்வரை இரண்டு காலிலும் குதிகாலுக்கு மட்டும் ஒரு ஜெல் பட்டை வையுங்கள். சிமெண்ட் திடல் காற்பந்துக்குத் தட்டையான அடியுள்ள காலணி போதும், முள் வைத்த பூட்ஸ் புல்தரைக்கு. கெட்டித் தரையில் அந்த முள் நேரே குதிகாலைக் குத்தும்.

180 வெள்ளி கட்டாயமில்லை. பாத வளைவைப் பார்த்து 'உங்கள் காலுக்கு இந்த ரகம்' என்று விற்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அப்படித் தேர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. பொருந்துவதும் காலுக்கு இதமாக இருப்பதும்தான் முக்கியம்.

அப்புறம், அண்ணனின் பழைய ஷூவை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா வைத்த ஷூவின் அடிப்பாகமும் உள்ளுக்குள் உதிர்ந்துபோகும். பார்க்கப் புதிதாகத் தெரியும், ஆட்டத்தின் நடுவே அடி கழன்றுவரும். மழையில் நனைந்ததை உள்ளே செய்தித்தாள் திணித்து மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: எவ்வளவு நல்ல ஷூவானாலும், ஓய்வில்லாத குதிகாலை அது மட்டும் காப்பாற்றாது. சில வாரங்களுக்கு ஓட்டத்தையும் குதிப்பதையும் பாதியாகக் குறைக்கப் பயிற்றுவிப்பாளரிடம் பேசுங்கள். நீச்சலும் சைக்கிளும் தாராளமாகப் போகட்டும். கெண்டைக்கால் இறுக்கம் தளர, சுவரில் கைவைத்து, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழாமல் 30 வினாடி நிற்கட்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை, தினமும். ஆட்டம் முடிந்து வந்தால், துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம்.

வலி இரவில் எழுப்பினாலோ, வீக்கம், சிவப்பு, காய்ச்சல் இருந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், இதையெல்லாம் செய்தும் மூன்று வாரத்தில் நொண்டல் குறையவில்லை என்றால் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அவன் போடுகிற எல்லா ஷூவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்க உதவும்.