டாட்சன் ரெடி-கோ: நிறுத்தப்பட்ட பிராண்டின் பழைய காரில் பணம் போடலாமா?

கேள்வி: நான் செங்கல்பட்டில் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் ஒரகடம் பக்கத்தில் ஷிப்ட் வேலைக்குச் செல்கிறார். வீட்டுச் செலவு மாதம் 35,000 ரூபாய். எல்லாம் போக 12,000 ரூபாய் மிஞ்சுகிறது. வங்கியில் 3,50,000 ரூபாய் ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லவும், ஆண்டுக்கு இரண்டு முறை திருநெல்வேலி போய்வரவும் ஒரு கார் தேவை. ஒரே உரிமையாளர் 41,000 கிலோமீட்டர் ஓட்டிய 2018-ஆம் ஆண்டு டாட்சன் ரெடி-கோ 1.0 லிட்டர் கார் 2,10,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. 2,00,000 ரூபாய் வரை 14 சதவீத வட்டியில் கடன் தருவதாகவும் சொல்கிறார்கள். "ஜப்பான் இன்ஜின், தைரியமாக வாங்கலாம்" என்கிறார் கணவர். "கம்பெனியே மூடிப்போன வண்டி, பணத்தைத் தண்ணீரில் போடாதே" என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிகளைப் பிரித்தறிய, இந்தப் பெயரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. உங்களிடம் கேட்கப்படும் 2,10,000 ரூபாய் சரியான விலையா என்பதற்கான விடையும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

1911-இல் ஹாஷிமோட்டோ மசுஜிரோ என்ற பொறியாளர் டோக்கியோவில் ஒரு சிறிய கார் பட்டறையைத் தொடங்கினார். அவருக்குப் பண உதவி செய்த டென், அவோயாமா, டாகேயுச்சி ஆகிய மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, 1914-இல் உருவான காருக்கு 'டாட்' என்று பெயரிட்டார்கள். 1931-இல் அதைவிடச் சிறிய கார் ஒன்று பிறந்தபோது, டாட்டின் மகன் என்ற பொருளில் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து 'டாட்சோன்' என்றார்கள். ஆனால் ஜப்பானிய மொழியில் 'சோன்' என்ற ஒலிக்கு நஷ்டம் என்ற பொருளும் உண்டு. விற்கப்போகும் பொருளின் பெயரிலேயே நஷ்டம் இருக்கக்கூடாது என்று, சூரியனைக் குறிக்கும் 'சன்' என்று மாற்றினார்கள். அப்படி வந்ததுதான் டாட்சன். பின்னர் அது நிஸான் நிறுவனத்தின் கீழ் வந்து, சாமானியக் குடும்பத்துக்கும் எட்டும் விலை, அடிக்கடி பழுதாகாத இன்ஜின் என்ற இரண்டு காரணங்களால் உலகின் பல நாடுகளில் வீடுதோறும் தெரிந்த பெயரானது. 1981-இல் அந்தப் பெயரைக் கைவிட நிஸான் முடிவெடுத்தது. 1980-களின் நடுப்பகுதிக்குள் எல்லாக் கார்களும் நிஸான் என்ற பெயரிலேயே வரத் தொடங்கின.

உங்கள் கணவர் மனத்தில் இருக்கும் மதிப்பு அந்தப் பழைய டாட்சன் சம்பாதித்தது. நீங்கள் வாங்கப்போவது அதே பெயரின் இரண்டாவது பிறவியை. வளரும் நாடுகளில் முதல் கார் வாங்குவோரை மனத்தில் வைத்து, 2012-இல் நிஸான் அந்தப் பெயரை மீட்டெடுத்தது. 2014 மார்ச்சில் டாட்சன் கோ இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 2016 ஜூனில் ரெடி-கோ 2,38,000 ரூபாயை ஒட்டிய டெல்லி ஷோரூம் விலையில் அறிமுகமானது. 2017-இல் வந்த 1.0 லிட்டர் வகையின் தொடக்க விலை ஏறத்தாழ 3,57,000 ரூபாய். இவையெல்லாம் ஒரகடத்தில் அப்போது ரெனோவும் நிஸானும் கூட்டாக நடத்திய தொழிற்சாலையில் உருவானவை. உங்கள் கணவர் தினமும் போய்வரும் பகுதியில் பிறந்த வண்டிதான் இது. எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை. இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் 2020-இல் டாட்சன் விலகியது. இந்தியாவிலும் 2022-இல் நிறுத்தப்பட்டது.

இங்கே அண்ணன் சொல்வதில் ஒரு திருத்தம் தேவை. மூடப்பட்டது டாட்சன் என்ற பெயர். நிஸான் நிறுவனம் மூடப்படவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று நிறுத்தும்போதே நிஸான் அறிவித்தது. அதைவிட முக்கியமான ஒன்று, ரெடி-கோவும் ரெனோ க்விட்டும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. 999 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் இரண்டுக்கும் பொது. க்விட் சாலையில் நிறைய ஓடுவதால், இன்ஜின், கியர்பாக்ஸ் சார்ந்த பாகங்களுக்காக நீங்கள் அலையவேண்டிய நிலை எளிதில் வராது. ஆனால் பம்பர், ஹெட்லைட், கதவு, பானெட், முன்பக்கக் கண்ணாடி போன்றவை ரெடி-கோவுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஆண்டுகள் போகப் போக இவற்றுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்தக் காரில் பணத்துக்கான ஆபத்து இன்ஜினைவிட உடற்பகுதியில்தான் அதிகம். சிறிய மோதல்கூட வண்டியை வாரக்கணக்கில் பட்டறையில் நிறுத்திவிடலாம்.

பட்ஜெட் போடும்போது இந்தக் காரை வைத்திருப்பவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் பெரிய வேறுபாடு இல்லை. ஸ்டீயரிங் இலகுவாக இருப்பதாலும் தரையிலிருந்து வண்டி 185 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பதாலும், குறுகிய தெருவிலும் மேடுபள்ளமான சாலையிலும் ஓட்டச் சுகமாக இருக்கிறது என்கிறார்கள். உயரமான இருக்கை வயதானவர்கள் ஏறி இறங்க வசதியானது என்பது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும். நகருக்குள் லிட்டருக்கு 16, 17 கிலோமீட்டர் கிடைப்பதாகச் சொல்கிறார்கள். குறைகளாக அவர்கள் சொல்வது, சிக்னலில் நிற்கும்போது மூன்று சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு உள்ளே தெரிவதும், வெளிச்சத்தம் நுழைவதும், தகடு மெலிதாக இருப்பதும், பின்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரவேண்டியிருப்பதும்தான். வண்டியால் ஏமாந்துவிட்டோம் என்று வருந்தியவர்களைவிட, விற்கப் போனபோது கிடைத்த விலையைக் கேட்டு வருந்தியவர்களே அதிகம்.

இந்த வருத்தம்தான் உங்கள் கேள்வியின் மையம். 2018-இல் இதைப் புதிதாக வாங்கியவர் வரி, பதிவு, காப்பீடு சேர்த்து 4 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பார். பிராண்டு நிறுத்தப்பட்டதால் வந்த விலைச்சரிவு அவர் தலையில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. அந்தச் சரிவுக்குப் பிறகு வாங்குகிற நீங்கள் அதை இரண்டாவது முறை சுமக்கவேண்டியதில்லை. ஆனால் சரிவின் பலன் கேட்கப்படும் விலையில் முழுமையாகத் தெரியவேண்டும். 2,10,000 ரூபாயில் அது தெரியவில்லை. விற்பனையில் இருக்கும் பிராண்டின் காருக்குக் கேட்கும் தொனியில் கேட்கிறார்கள். நாளை நீங்கள் விற்கப் போகும்போது, வாங்க வருபவர் உங்களிடம் அண்ணன் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார். என் கணக்கில் இந்த வண்டிக்கு 1,75,000 ரூபாய்தான் உச்சவரம்பு.

வாங்கியவுடன் டயர், பேட்டரி, பிரேக், கிளட்ச் என்று 25,000 ரூபாய் ஒதுக்குங்கள். ஆக முதலீடு 2,00,000 ரூபாய். ஆறு ஆண்டு ஓட்டியபின் 30,000 ரூபாய்தான் கிடைக்கும் என்று கடுமையாகவே வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 28,300 ரூபாய் தேய்மானம். இரண்டே ஆண்டில் விற்றுவிட்டு வேறு கார் வாங்கும் எண்ணமிருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். மறுவிற்பனைக்குப் பெயர்பெற்ற, இன்றும் தயாராகும் ஒரு காருக்கு அதிகம் கொடுப்பதே அப்போது இலாபம். ஆகவே முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளவேண்டியது, இந்தக் காரைத் தேயும்வரை வைத்திருக்க நீங்கள் தயாரா என்பதுதான்.

அடுத்தது கடன். 2,00,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 6,836 ரூபாய். மொத்த வட்டி 46,000 ரூபாயைத் தாண்டும். மாதம் 600 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கிடைத்து, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் எரிபொருளுக்கு 3,750 ரூபாய். காப்பீட்டுக்கு மாதக் கணக்கில் 600, பராமரிப்புக்கு 1,000. தவணையோடு சேர்த்தால் 12,186 ரூபாய். உங்கள் வீட்டில் மிஞ்சுவதே 12,000 ரூபாய்தான். ஒரு மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே கிரெடிட் கார்டைத் தேடவேண்டிய நிலைக்கு இந்தக் கடன் உங்களைத் தள்ளும். விலை குறைந்துகொண்டே போகும், அடுத்தவருக்கு விற்பது கடினமான ஒரு பொருளைக் கடனில் வாங்குவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைப்பதில்லை.

டெபாசிட்டிலிருந்து 2,00,000 ரூபாயை எடுத்து ரொக்கமாக வாங்குங்கள். மீதி 1,50,000 ரூபாய் நான்கு மாதச் செலவுக்குச் சற்று மேல் வரும், அதைத் தொடவேண்டாம். தவணை இல்லாததால், ஓட்டும் செலவு 5,350 ரூபாய் போக மாதம் 6,650 ரூபாய் மிஞ்சும். அதை ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டுவந்தால் ஒன்பது மாதத்தில் ஏறத்தாழ 60,000 ரூபாய் சேர்ந்து, ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி மீண்டும் நிறைந்துவிடும். டெபாசிட் முதிர்வுக்கு ஓரிரு மாதமே இருந்தால், உடைப்பதற்குப் பதிலாக அதன்மேல் கடன் எடுக்கலாம். அந்த வட்டி பொதுவாக டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதமே கூடுதலாக இருக்கும்.

பணக் கணக்கு இவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான கவலை தந்தது திருநெல்வேலிப் பயணம். கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு 2014-இல் நடத்திய மோதல் சோதனையில், காற்றுப்பை (ஏர்பேக்) இல்லாத டாட்சன் கோ பூஜ்ய நட்சத்திரம் பெற்றது. உடற்கூடே நிலையற்றது என்று கணித்து, அந்தக் காரைச் சந்தையிலிருந்து விலக்கும்படி அமைப்பின் தலைவர் நிஸானுக்குக் கடிதம் எழுதினார். 2019-இல் சோதிக்கப்பட்ட ரெடி-கோ, ஓட்டுநர் காற்றுப்பை இருந்தும், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் பெற்றது. இந்தியாவில் புதிய கார்களுக்கு, திடீரென அழுத்தினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர் காற்றுப்பை 2019 ஜூலை முதலும்தான் கட்டாயமாயின. உங்களுக்கு வந்திருப்பது 2018 வண்டி. அதில் ஏ.பி.எஸ். இருக்காது என்றே கொள்ளுங்கள். காற்றுப்பை சில வகைகளில் மட்டுமே இருந்தது. ஸ்டீயரிங்கில் காற்றுப்பை இல்லையென்றால் ஒரு லட்சத்துக்குத் தந்தாலும் வேண்டாம். காற்றுப்பை இருந்தாலும்கூட இதை ஊருக்குள் ஓட்டும் காராகவே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு இரவில் நெடுஞ்சாலையில் 600 கிலோமீட்டர் போவதற்கான வண்டி இது இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை ரயிலில் போனால் ஆகும் டிக்கெட் செலவு, மேலே போட்ட கணக்கில் எதையும் மாற்றிவிடாது.

காப்பீட்டில் மூன்று செய்திகள். இன்ஜின் 1,000 சிசிக்குள் அடங்குவதால், 2022-இல் நிர்ணயிக்கப்பட்ட அட்டவணைப்படி விபத்தில் மற்றவருக்கு ஆகும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 2,094 ரூபாய்தான், 1.2 லிட்டர் டாட்சன் கோ என்றால் 3,416 ரூபாய். அதோடு நின்றுவிடாமல் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுங்கள். ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பை நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் பேசித்தான் முடிவுசெய்வீர்கள். சில நூறு ரூபாய் பிரீமியம் குறையும் என்று அதைத் தாழ்த்திப் போடவேண்டாம். பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கணக்கிட்டுவிடுவார்கள். பாகம் கிடைப்பது அரிதான காரில் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்காக விற்பவருக்குச் சேர்ந்திருக்கும் பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அவருடையது. அது உங்களுக்கு வராது. பெயர் மாற்றம் நடந்த 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் க்விட் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும். பானெட்டுக்கும் கதவுக்கும் இடையிலான இடைவெளி இருபுறமும் சமமாக இருக்கிறதா, எங்காவது டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பார்க்கட்டும். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில், வங்கிக் கடனுக்கு ஈடாக இருப்பதைக் காட்டும் ஹைப்பாதிகேஷன் பதிவு இருந்தால், வங்கியின் ஆட்சேபணை இல்லாச் சான்றும் (என்.ஓ.சி.) அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் பணம் தரவேண்டாம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்தானதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

உரிமையாளர் 1,75,000 ரூபாய்க்கு இறங்கவில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான ரெடி-கோவோ, அதே இன்ஜின் கொண்ட க்விட்டோ கிடைத்தால், 20,000, 25,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் அதை எடுங்கள். கார் வாங்கியபின் மாதம் மிஞ்சும் 6,650 ரூபாய்க் கணக்கில் அந்தத் தொகை மூன்று, நான்கு மாதச் சேமிப்பு, ஏ.பி.எஸ்.ஸுக்கும் காற்றுப்பைக்கும் அவ்வளவு காலம் காத்திருக்கலாம்.