கேள்வி பதில்: கையெழுத்துப் போட்டார்கள், கடைப்பிடிக்கவில்லை

கேள்வி: நான் மருத்துவமனையில் நர்சிங் பொறுப்பில் இருக்கிறேன். அறுவை சிகிச்சைக்கு 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீர் குடிக்கலாம் என்ற புதிய வழிகாட்டுதலைச் சுற்றறிக்கையாக அனுப்பினோம், வகுப்பு எடுத்தோம், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வார்டில் இன்னமும் 'ராத்திரி 12 மணிக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது' என்றுதான் சொல்கிறார்கள். மெமோ கொடுக்கலாமா?

பதில்: மெமோ கொடுத்தால் கேஸ் ஷீட்டில் நேரம் சரியாக எழுதப்படும், நோயாளியின் தொண்டை வறண்டேதான் கிடக்கும். வேண்டாம்.

உங்கள் ஆட்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடுமோ என்பதுதான் பழைய பயம், 1946-ல் மெண்டல்சன் என்ற மருத்துவர் பிரசவ கேஸ்களை வைத்து அதை விவரித்து எழுதியபோது அது நியாயமான பயமும்கூட. ஆனால் தண்ணீரும் பால் சேர்க்காத டீயும் இரைப்பையில் வெகுநேரம் தங்குவதில்லை. அதனால்தான் அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999-லேயே, ஆரோக்கியமானவர்களுக்குத் திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் தண்ணீருக்கு 2 மணி நேரமும் லேசான உணவுக்கு 6 மணி நேரமும் இடைவெளி போதும் என்றது. (குடல் அடைப்பு, பிரசவ வலி, அவசர கேஸ் எல்லாம் வேறு கணக்கு, அதை மயக்க மருந்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

அப்புறம் ஏன் 12 மணி அசையவில்லை? நைட் டியூட்டி சிஸ்டர் இடத்தில் நின்று பாருங்கள். ஆபரேஷன் லிஸ்டில் மூன்றாவதாக, 11 மணிக்கு இருக்கும் நோயாளிக்கு 8 மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறார், வழிகாட்டுதல்படி அது சரிதான். முதல் கேஸ் ரத்தாகி, 8.30-க்கு தியேட்டரிலிருந்து போன் வருகிறது: 'மூணாவது ஆளை உடனே அனுப்புங்க.' தண்ணீர் குடித்துவிட்டார் என்றதும் யார் மேல் விழும்? நோயாளி பதினான்கு மணி நேரம் தாகத்தோடு கிடந்ததற்காக இதுவரை யாரும் திட்டு வாங்கியதில்லை, ஒரு கேஸ் தள்ளிப்போனால் மட்டும் வார்டே அதிரும். அவர் பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பது சோம்பலால் இல்லை, தற்காப்புக்காக.

ஆகவே மாற்ற வேண்டியது அந்தப் பழி விழும் இடத்தை. 'இவருக்குத் தண்ணீர் காலை 9 வரை' என்று ஒவ்வொரு நோயாளிக்கும் மயக்க மருந்து டாக்டரே முந்தைய நாள் எழுதிவிடட்டும். லிஸ்ட் மாறினால் தியேட்டர்தான் வார்டுக்குச் சொல்ல வேண்டும். எழுதியபடி கொடுத்து கேஸ் தாமதமானால் சிஸ்டரிடம் கேள்வி கிடையாது என்பதை மயக்கவியல் துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒட்டுங்கள். '12 மணிக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது' என்று கட்டிலில் பழைய அட்டை தொங்கினால் அதையும் கழற்றுங்கள், அது இருக்கும்வரை எந்த வகுப்பும் எடுபடாது!

தியேட்டர் வாசலில் 'கடைசியாக எப்போது குடித்தீர்கள்?' என்று நோயாளியிடமே கேட்டு, வார்டுவாரியாக வாராவாரம் போர்டில் போடுங்கள், ஆள் பெயர் இல்லாமல். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் கை சுத்தத்துக்கு ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள்: கைக்கான ஆல்கஹால் திரவத்தைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள், அளந்ததை ஊழியர்களுக்கே காட்டினார்கள். 1994-ல் 48 சதவீதமாக இருந்த கடைப்பிடிப்பு 1997-ல் 66 ஆனது. மூன்று வருஷ உழைப்புக்கும் நூறு வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: எங்கள் சீனியர் சர்ஜன் 'எதுக்கு வீண் ரிஸ்க்?' என்று ரவுண்ட்ஸிலேயே சொல்லிவிடுகிறார். என்ன செய்வது?

பதில்: கூட்டத்தில் வாதாடாதீர்கள், இறங்கி வரமாட்டார். தனியாகப் பார்த்து, அவர் கண்ட எந்தக் கேஸ் அவரைப் பயமுறுத்துகிறது என்று கேளுங்கள், ஒன்று நிச்சயம் இருக்கும். அது குடல் அடைப்பு, அவசர கேஸ் போன்ற விதிவிலக்குகளின் பட்டியலில் வரக்கூடியதா என்று மயக்க மருந்து டாக்டரோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பட்டியலை அவரே திருத்தித் தரட்டும், பிறகு ரவுண்ட்ஸில் அவர் வாயாலேயே சொல்வார்.