சிடி எடுத்த பிறகும் எம்ஆர்ஐ எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பல மாதமாகக் குரல் கரகரப்பு, படியேறினால் மூச்சு வாங்குகிறது. எண்டோஸ்கோப்பியில் குரல்வளையின் மேல் சவ்வு வழவழவென்று நன்றாகத்தான் இருக்கிறதாம், உள்ளிருந்து ஏதோ புடைத்துக்கொண்டு நிற்கிறதாம். சிடி ரிப்போர்ட்டில் 'கிரிகாய்டு குருத்தெலும்பில் (குரல்வளையின் அடியில் மோதிரம் போல இருப்பது) கட்டி, காண்ட்ரோசார்கோமாவாக (குருத்தெலும்பில் வரும் புற்றுநோய்) இருக்கலாம்' என்று போட்டிருக்கிறார்கள். இப்போது எம்ஆர்ஐ, அப்புறம் பயாப்சி என்கிறார்கள். ஒரே ஸ்கேனில் முடியாதா?

பதில்: முடியாது. இரண்டும் பார்ப்பது வேறு வேறு விஷயம். குருத்தெலும்புக் கட்டிக்குள் கால்சியம் படியும்போது அது குட்டிக் குட்டி வளையமாகவும் பிறை மாதிரி வளைவாகவும் படியும், சிடியில் பார்த்தால் பொரித்த சோளத்தைத் தூவியது போல வெள்ளையாகத் தெரியும். ரிப்போர்ட் எழுதியவர் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் இந்தப் பெயரைச் சொல்லியிருப்பார். இடமும் சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் குரல்வளையில் இந்தக் கட்டி அதிகம் வருவது கிரிகாய்டின் பின்பக்கத் தகட்டில்தான். ஆனால் கட்டியின் மென்மையான பகுதி எதுவரை போயிருக்கிறது என்று சிடியில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. குருத்தெலும்பில் தண்ணீர் அதிகம், அதனால் எம்ஆர்ஐயில் தண்ணீரை வெளிச்சமாகக் காட்டும் டி2 என்ற படத்தில் கட்டி பளிச்சென்று தெரியும், எல்லையும் பிடிபடும். எவ்வளவு வெட்டலாம், குரலைக் காப்பாற்ற முடியுமா என்று சர்ஜன் யோசிப்பது அதை வைத்துத்தான்.

பயாப்சியைத் தவிர்க்க முடியாது. புற்றுநோய் அல்லாத சாதாரணக் குருத்தெலும்புக் கட்டியான காண்ட்ரோமாவையும் வீரியம் குறைந்த காண்ட்ரோசார்கோமாவையும் எந்த ஸ்கேனும் உறுதியாகப் பிரித்துச் சொல்லாது, பெட் ஸ்கேனும்தான். சின்னத் துணுக்கு எடுத்தால் மைக்ராஸ்கோப்பிலேயே கூடத் தடுமாறுவார்கள், அதனால் கொஞ்சம் ஆழமாகவே எடுக்கட்டும். குரல்வளையில் வருபவை பெரும்பாலும் மெதுவாக வளரும் ரகம், வேறு உறுப்புக்குப் பரவுவது குறைவு. ஆனால் மூச்சுத் திணறல் கூடினாலோ மூச்சை இழுக்கும்போதோ விடும்போதோ விசில் மாதிரிச் சத்தம் வந்தாலோ ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: தங்கைக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. மண்டையோட்டின் அடியில் கட்டி, கார்டோமாவா காண்ட்ரோசார்கோமாவா என்று சந்தேகம் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: முதலில் இடத்தைப் பார்ப்போம். கார்டோமா என்பது கருவில் முதுகெலும்புக்கு முன்னோடியாக இருந்த தண்டின் மிச்சத்திலிருந்து வரும் புற்றுநோய், அது வழக்கமாக மண்டையோட்டு அடியின் நட்ட நடுவில் இருக்கும் கிளைவஸ் எலும்பில் வரும். காண்ட்ரோசார்கோமா பெரும்பாலும் ஒரு பக்கமாக ஒதுங்கி, காதெலும்பும் பின்மண்டை எலும்பும் சேரும் பொருத்தில் தொடங்கும். கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்புகிற ஆறாவது நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, இரட்டைப் பார்வை அதனால்தான். இரண்டுமே டி2வில் பளிச்சென்றுதான் இருக்கும், அங்கேதான் குழப்பம். எம்ஆர்ஐயிலேயே டிஃப்யூஷன் என்று ஒரு படம் உண்டு, அதில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர்ந்தால் காண்ட்ரோசார்கோமா பக்கம் சாய்வோம். இதெல்லாம் சாய்வுதான், தீர்ப்பு இல்லை. எடுத்த திசுவில் பிராக்யூரி என்ற புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள், கார்டோமாவில் அது இருக்கும், காண்ட்ரோசார்கோமாவில் இருக்காது. பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.