தட்டை வைத்த மறு நிமிடம் காலி!

கேள்வி: என்னிடம் இரண்டு பூனைகள். அதில் மூன்று வயது ஆண் பூனைக்குச் சாப்பாடுதான் உலகம். கருத்தடை செய்தாகிவிட்டது. தட்டை வைத்தால் ஒரே நிமிடத்தில் காலி. உடனே மற்றதன் தட்டுக்குப் பாய்கிறான். அடிக்கடி, தின்றதை அப்படியே கக்கியும் விடுகிறான். மெதுவாகச் சாப்பிட வைக்கும் என்று மேடு பள்ளமான கிண்ணம் ஒன்று வாங்கினேன். அதைக் கவிழ்த்துவிட்டுத் தரையில் கிடப்பதைத் தின்கிறான். விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பி உயிரை வாங்குகிறான். என்ன செய்வது? — வாசகி ஒருவர்

பதில்: கிண்ணத்தைக் கவிழ்க்கத் தெரிந்தவன் புத்திசாலிதான். அதை அப்புறம் பார்ப்போம். முதலில், அடுத்த முறை கக்கினால் துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களுக்குள், வயிறு எக்காமல், தலையைக் குனிந்ததும் முழு முழுத் தீனியாகக் குழல் வடிவில் வந்து விழுந்தால், அது வயிற்றுக்குள் போய்ச் சேராமலே திரும்பிவிட்டது என்று அர்த்தம். அவசர விழுங்கலில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். வயிறு எக்கி எக்கி, பாதி செரித்ததோ மஞ்சள் நீரோ வந்தால் அது வாந்தி. இரண்டில் எதுவானாலும் அடிக்கடி நடக்கிறது என்கிறீர்கள்; ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கக்கும்போது போனில் வீடியோ எடுத்து வைத்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். எவ்வளவு தின்றும் உடம்பு இளைக்கிறது, தண்ணீர் அதிகம் குடிக்கிறான் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம். குடற்புழு, சர்க்கரை நோய், வயதான பூனைகளில் தைராய்டு என்று பல காரணங்கள் இருக்கலாம்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால், எனக்குச் சந்தேகம் அந்தப் பக்கத்துத் தட்டின் மேல்தான். பூனை தனியாக வேட்டையாடி, தனியாகத் தின்னும் பிராணி. இரண்டு தட்டுகளை அருகருகே வைக்கும்போது சண்டையே வராவிட்டாலும், ‘இவன் முடித்துவிட்டு என்னுடையதுக்கு வருவானோ’ என்ற நினைப்பு இரண்டுக்கும் இருக்கும். ஒன்று அவசரமாக விழுங்கும். மற்றது பாதியிலேயே விலகிப் போய்விடும். ஆகவே இனி சாப்பாடு வெவ்வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. மெதுவாகச் சாப்பிடும் பூனைக்கு அரை மணி நேரம் கொடுத்து, மிச்சத்தை எடுத்த பிறகே கதவைத் திறங்கள். சிறு கொறிப்புக்கூடப் பொதுவில் வேண்டாம். கதவு வசதிப்படாதவர்களுக்கு, பூனையின் தோலுக்கடியில் மருத்துவர் பதிக்கும் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லை அறிந்து அதற்கு மட்டும் மூடி திறக்கும் தீனிப் பெட்டிகள் இருக்கின்றன. விலை அதிகம்தான், இரண்டு பூனை இருக்கும் வீட்டில் அந்தச் செலவு தகும் என்பேன்.

அடுத்தது அளவு. கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், தேவையோ குறையும்; ரொம்ப அநியாயமான ஏற்பாடு. வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி போதும். உலர் தீனியைக் கப்பில் அள்ளாமல் தராசில் நிறுத்து எடுங்கள். கப் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதையே நாலைந்து வேளையாகப் பிரியுங்கள். எலி, பல்லி என்று நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றே பழகிய இனம் அது. இரண்டே வேளை என்றால் நடுவில் நீண்ட பட்டினி, அதன் பிறகு பாய்ச்சல்.

நாலு மணி விஷயத்துக்கு நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கிப் பெட்டி ஒன்று போதும். சாப்பாடு உங்களிடமிருந்து வருவதில்லை, பெட்டியிலிருந்து வருகிறது என்று புரிந்ததும் கத்தலைப் பெட்டியிடம் காட்டப் போய்விடுவான். அதுவரை எழுந்திருக்காதீர்கள். முதலில் கத்தல் கூடத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்துப் பொறுக்காமல் எழுந்து ஒரு பிடி போட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

இப்போது கிண்ணத்துக்கு வருவோம். அடியில் ரப்பர் வைத்த, கனமான, அகன்ற தட்டுக்கு மாறுங்கள். தீனியை ஒன்றின் மேல் ஒன்று கிடக்காதபடி பரப்பினாலே வாய் நிறைய அள்ள முடியாது. குழி குழியாக இருக்கும் மஃபின் தட்டில் குழிக்கு நாலு துண்டாகப் போட்டால் இன்னும் நல்லது. ஈர உணவானால் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து, நக்கித் தின்பதற்கென்றே வரும் மேடு பள்ளமான விரிப்பில் கரண்டியால் மெல்லியதாகத் தடவுங்கள். நக்கித்தான் ஆக வேண்டும், விழுங்க வழியில்லை. கிண்ணத்தில் கூழாங்கல் போடும் யோசனை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அதைச் செய்யாதீர்கள், பெருந்தீனிக்காரன் கல்லையும் சேர்த்து விழுங்குவான். வாய்க்குள் நுழையவே முடியாத பெரிய பந்தாக இருந்தால் பரவாயில்லை.

உருட்டினால் தீனி உதிரும் பந்துகளையும் பழக்கலாம். ஆனால் முதல் வாரம் ஓட்டை பெரியதாக, சுலபமாக இருக்கட்டும். பாதி உணவு வழக்கமான தட்டிலேயே போகட்டும். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால் ‘பசித்தால் தானே வருவான்’ என்று விட்டுவிடக் கூடாது. பூனை ஒரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையானால், ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் கடிதம் முழுக்க இவனைப் பற்றியே இருக்கிறது. தட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அந்த இன்னொரு பூனை இத்தனை நாள் எவ்வளவு தின்றதோ! அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். உங்கள் எடையைக் கழித்து, இன்றே குறித்து வையுங்கள். மாதா மாதம் இரண்டையும் இப்படிப் பாருங்கள். அது இளைத்திருந்தால், மருத்துவரிடம் முதலில் போக வேண்டியது அதுதான்.